ஆறு மணிக்குள் பேர் கொடுக்க வேண்டும்

நீ ஜன்னலோரம் இருக்கிறாய், கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லும்மா. அந்த டயரைக் கழற்றிவிட்டார்களா, இல்லை இன்னும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்களா? நினைத்தேன். நாலு ஆம்பிளை சேர்ந்தால் ஒருத்தர் வேலை செய்வார், மூன்று பேர் யோசனை சொல்வார்கள். எங்கள் கோயில் கமிட்டியும் இதே லட்சணம்தான்.

மணி நாலேகால். கந்தர்வகோட்டை தாண்டி முந்திரிக்காட்டுக்கு நடுவில் ஒரு ஸ்டாப்பிங், அங்கே நான் இறங்க வேண்டும். அங்கிருந்து ஆட்டோ. ஆறு மணிக்குள் போய்ச் சேரவில்லை என்றால் கும்பகோணத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்தது அத்தனையும் வீண். எதற்கு இந்த அவசரம் என்று பார்க்கிறாயா? ஒரு ரெஜிஸ்டரில் என் பேரை எழுதச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சிரிக்காதே.

நீ குங்குமம் வைத்திருக்கிறாய், உனக்கு எங்கள் விஷயம் தெரிந்திருக்காது. நாங்கள் லுத்தரன் சபை. எங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார்கள். பலிபீடத்துக்கு முன்னால் கிராதி மாதிரி ஒன்று இருக்கும், அதில் வரிசையாக முழங்கால் போட்டு வாங்கிக்கொள்வோம். சும்மா போய் நீட்டிவிட முடியாது. முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போய், ஐயரிடம் பேர் கொடுக்க வேண்டும். ஐயர் என்றால் பூணூல் ஐயர் இல்லை. போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வது. அவர் பெண்சாதி ஐயரம்மா. ஆறு மணிக்கு ரெஜிஸ்டரை மூடிவிடுவார்கள். எல்லாச் சபையிலும் இப்போது இந்த வழக்கம் இல்லை. எங்கள் ஊர் மாதிரிச் சில இடங்களில் விடாப்பிடியாக வைத்திருக்கிறார்கள்.

இப்போது நான் பேர் கொடுக்கப் போவது எங்கள் ஊர் ஐயரிடம் இல்லை. எங்கள் ஊரில் இருந்து துரத்தப்பட்ட ஒரு ஐயரிடம். அது ஒரு பெண். ரெவரெண்ட் யூனிஸ்.

ஆமாம், பெண்தான். வாயைத் திறந்துவிட்டாய் பார். எங்கள் ஊரும் இப்படித்தான் திறந்தது.

அவளை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்ததே நான்தான். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நான் பெண்கள் சங்கத்துக்குப் பதினைந்து வருஷமாகக் காரியதரிசி. பன்னிரண்டு வருஷம் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன், ஒரு பெண் போதகரை அனுப்புங்கள் என்று. என் கையெழுத்துக்குக் கான்வென்ட்டில் பரிசு வாங்கியிருக்கிறேன். நான் படித்தது கத்தோலிக்கக் கன்னிகாஸ்திரீகள் பள்ளிக்கூடம். மதர் ஹையசிந்த் என்று ஒரு தலைமை. தொள்ளாயிரம் பெண்பிள்ளைகளும் நாற்பது டீச்சரும் மூச்சு விடமாட்டார்கள். கொத்தனார் அந்தம்மாவைப் பார்த்தால் பீடியை விழுங்கிவிடுவான். அப்பேர்ப்பட்ட மதர், பூசை வைக்க இருபத்தாறு வயசில் ஒரு சாமியார் வந்தால், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கை கழுவி முடிக்கிற வரைக்கும் ஓரமாக நிற்பார். எனக்கு அப்போது பதிமூன்று வயசு. எங்கள் கோயிலில் நான் இதை மாற்றுவேன் என்று அன்றைக்கே நினைத்தேன்.

மாற்றினேனே. வருஷத்தில் ஒரு ஞாயிறு பெண்கள் ஞாயிறு என்று உண்டு. அன்றைக்கு எல்லாம் பெண்கள்தான். பாட்டு, காணிக்கை எடுப்பது, வேத பாடம் வாசிப்பது, எல்லாம். மிச்சம் ஐம்பத்தொரு ஞாயிறு நாங்கள் பூ ஜோடிக்கலாம், விரிப்புத் துவைக்கலாம், அறுப்புப் பண்டிகைக்கு நானூறு பேருக்குச் சாம்பார் வைக்கலாம். கமிட்டியில் ஒன்பது பேர், ஒன்பதும் ஆம்பிளை. ஒருதரம் நான் நின்றேன். நாலு ஓட்டில் போனது. செயலாளர் வேதமுத்து, தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ரிட்டயர் ஆனவர், என்னிடம் வந்து, "எல்சாம்மா, நீங்க கமிட்டிக்கு வந்துட்டா எங்களுக்கு டீ யார் கொண்டு வர்றது?" என்றார். வேடிக்கையாம். நானும் சும்மா இருக்கவில்லை. "உங்க வீட்டுல வர்ற டீயைக் குடிச்சுப் பார்த்திருக்கேன், நீங்க எங்களை நம்பி இருக்கிறது நியாயந்தான்" என்றேன். அதில் இருந்து அவர் பெண்சாதி என்னோடு பேசுவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஐயர் ரிட்டயர் ஆனார். உத்தரவு வந்தது, ரெவரெண்ட் யூனிஸ் என்று. வேதமுத்து அதை இரண்டு தரம் படித்தார். ஐயர் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, பெண்பிள்ளை தங்கத் தோதுப்படாது என்று பதில் எழுதப் போனார். பழைய ஐயர் ஒன்பது வருஷம் அந்த ஒழுகலில்தான் இருந்தார், அப்போது தோது. நான் சங்கத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், கூரை ஏறி ஓடு மாற்றி முடிக்கிற வரைக்கும் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் வந்து இறங்கிய அன்றைக்கு மாலை நான் கட்டினது. பாயசம் நான் வைத்தது. ஊர் நிலவரம், யாரிடம் எப்படிப் பேசுவது, யாரை நம்பலாம், எல்லாம் நாலு பக்கத்துக்கு எழுதிக் கையில் கொடுத்தேன். "ரொம்ப நன்றி எல்சாம்மா" என்று வாங்கி, ஒரு டைரிக்குள் வைத்தாள். அதற்கப்புறம் அந்தக் காகிதத்தை அவள் திறந்து நான் பார்க்கவில்லை.

பிரசங்கம் நன்றாகச் செய்வாள், அதைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு நிமிஷம். பழையவர் நாற்பது நிமிஷம். ஆனால் அங்கிக்குக் கீழே பார்த்தால் சேலை கசங்கிக் கிடக்கும். ஆம்பிளை ஐயர் வேட்டி கசங்கினால் எவன் பார்க்கிறான்? இவளைத்தான் பார்ப்பார்கள். அதனால் நானே கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். "எனக்கு நேரமில்லை, கசங்கியே இருக்கட்டும்மா" என்றாள். புருஷன் மோட்டார் காயில் கட்டுகிறவர், வீட்டில் சமையலே அவர்தான். அதையும் நான் தப்பாகச் சொல்லவில்லை. போகிறவர்களுக்கு ஒரு டீ கொடுக்க ஆள் வேண்டாமா? ஐயரம்மா என்று ஒருத்தி இருந்தால் சங்கக் கூட்டத்துக்கு வருவாள், முடிவு ஜெபம் பண்ணுவாள், கல்யாண வீட்டில் பெண்களோடு உட்காருவாள். இவளிடம் கேட்டால், "எல்சாம்மா, நான் ஐயர். ஐயரம்மா வேலையையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னா எப்படி? சங்கத்தை நீங்க நடத்துங்க, நல்லாத்தானே நடத்துறீங்க" என்றாள். பேச்சில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. அதுதான் எரிச்சல்.

இதெல்லாம் நான் பொறுத்தேன். பொறுக்காதது ஒன்று நடந்தது.

போன வருஷம் ஜூன், பெண்கள் ஞாயிறு. பதினாலு வருஷமாக அன்றைக்கு வேத பாடம் வாசிப்பது நான். ஏன் நான்? எனக்கு மைக் தேவையில்லை. ல, ள, ழ மூன்றும் தனித்தனியாக விழும். கடைசி பெஞ்சுக்குக் கேட்கும். இதற்கு மதர் ஹையசிந்த் கையில் வாங்கின அடி எத்தனை என்று எனக்குத்தான் தெரியும். அந்த ஞாயிறுக்கு முந்தின வாரம் யூனிஸ் என்னிடம் வந்தாள். "எல்சாம்மா, இந்த வருஷம் சீயோன்மணி வாசிக்கட்டும். நீங்க உட்கார்ந்து கேளுங்க."

சீயோன்மணி யார் தெரியுமா? கோயில்பிள்ளை பெண்சாதி. கோயில்பிள்ளை என்றால் மணி அடித்து, பெருக்கி, கதவு பூட்டுகிறவர். நான் பாகுபாடு பார்க்கிறவள் இல்லை. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி உண்டு, அவளுக்கும் உண்டு. அவளுக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளர். அது எதற்கென்றால் அவள் அவசரக்காரி, கண்ணாடியை உடைத்துவிடுவாள். இதுவரை உடைத்ததில்லை, எவர்சில்வரில் கொடுப்பதால்தான். அது இருக்கட்டும். அவள் எழுதப் படிக்கக் கற்றதே யூனிஸ் வந்த பிறகு. மத்தியானத்தில் கோயில் வராந்தாவில் உட்கார வைத்து இவள்தான் கற்றுக்கொடுத்தாள். எழுத்தின் மேல் விரல் வைத்து வாசிக்கிறவளைக் கொண்டுபோய் மைக்குக்கு முன்னால் நிறுத்துகிறார்களே, இது யாருக்கு நல்லது? நாளைக்கு வேதமுத்து, பொம்பளைங்க வாசிப்பைப் பார்த்தீங்களா என்று கேட்கமாட்டாரா? நான் பெண்கள் மானத்துக்காகத்தான் கவலைப்பட்டேன்.

வாசித்தாள். ஒரு ராஜா பேர் வந்தது, மூன்று தரம் இடறினாள். யூனிஸ் பக்கத்தில் நின்றாள், எடுத்துக்கொடுக்கவில்லை, அவளாகச் சொல்லி முடிக்கிற வரைக்கும் நின்றாள். பத்து நிமிஷப் பாடம் இருபது நிமிஷம் ஆனது. பின்னால் இரண்டு பெஞ்சில் பொம்பளைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தார்கள். அங்கே ஃபேன் ஓடுவதில்லை, வியர்வையாக இருக்கும்.

அதற்கடுத்த சனிக்கிழமை நான் பேர் கொடுக்கப் போகவில்லை.

சண்டை போடவில்லை, கவனி. ஒரு வார்த்தை பேசவில்லை. போகவில்லை, அவ்வளவுதான். காரியதரிசி பேரைக் காணோமே என்று அவளுக்கு உறைக்க வேண்டும் இல்லையா? உறைத்தது. திங்கட்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டாள், அந்தக் கசங்கின சேலையோடு.

"எல்சாம்மா பேர் இல்லையே, உடம்பு சரியில்லையா?"

"முட்டி வலி. முழங்கால் போட முடியலை" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே.

"அப்படின்னா நான் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறேனே."

"வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம்" என்றேன். அடிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டு இருந்தோம். என் வீட்டுக்காரர் உள்ளே இருந்து, "எந்த வீட்டுக்கு?" என்று கேட்டார். அந்த மனுஷனுக்கு எப்போது பேசுவது என்று தெரியாது.

அவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரிம்மா, எப்ப தோதுப்படுதோ சொல்லுங்க" என்று எழுந்து போய்விட்டாள். ஒரு தரம் கேட்டாள், அவ்வளவுதான். இரண்டாம் தரம் வந்து கேட்டிருந்தால் அடுத்த சனிக்கிழமையே முதல் ஆளாகப் போய் நின்றிருப்பேன். கேட்கவில்லை. ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது, அக்டோபர் போனது. முதல் ஞாயிறு எல்லாரும் எழுந்து முன்னால் போவார்கள், நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நாலு மாசம். எனக்கு அது லேசாக இருந்தது என்று நினைக்காதே. பதினாறு வயசில் திடப்படுத்தல் ஆகி முதன்முதலாக வாங்கினதில் இருந்து நான் ஒரு திருவிருந்து விட்டதில்லை. பிரசவத்துக்குப் போனபோது கூட ஆஸ்பத்திரிக்கு ஐயரை வரவழைத்தவள்.

ஓ, வண்டி கிளம்பிவிட்டதா? அப்பாடா. மணி என்ன, நாலே முக்காலா? வேகமாகப் போனால் சரி.

இந்தப் பக்கம் நான் இப்படி இருக்க, அந்தப் பக்கம் ஆம்பிளைகள் கதை வேறே. பத்தொன்பது பேர், பொம்பளை கையால் வாங்கமாட்டோம் என்று முதல் ஞாயிறானால் பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போய் வாங்கிக்கொண்டு வருவார்கள். பைக்கில் இரண்டிரண்டு பேராக. வேதமுத்து முன்னால். காலையில் பெண்சாதி கையால் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள், அந்தக் கையில் ஒரு குறையும் இல்லை. எனக்கு வயிறு எரியும். வாசலில் நின்று, "பெட்ரோலுக்கு ஆகுற செலவை உண்டியல்ல போட்டா கோயில் ஃபேனாவது ஓடும்" என்று அவர்கள் காதில் விழுகிறமாதிரி சொல்வேன்.

நவம்பரில் விசாரணை என்று சொல்லித் தலைமையில் இருந்து இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். கோயிலுக்குள்ளேயே கூட்டம். வேதமுத்து எழுந்தார். "எங்களுக்கு மேடம் மேல தனிப்பட்ட வருத்தம் ஒண்ணும் இல்லீங்க" என்றார். ஐயர் என்று கூப்பிட வாய் வராமல் வந்த நாளில் இருந்து மேடம்தான். "சபை ஏத்துக்கலை. அவங்க கையால திருவிருந்து வாங்கச் சனங்களுக்கு மனசு வரலை. அதை மட்டும் உங்க முன்னாடி வைக்கிறோம்."

நான் எழுந்தேன். என் ஆயுசில் அப்படிப் பேசினதில்லை. "சனங்கள் என்றால் யார்? பத்தொன்பது ஆம்பிளையா? இந்தச் சபையில் பாதிக்கு மேல் நாங்கள். பெருக்குவது நாங்கள், பாடுவது நாங்கள், பெஞ்சை நிரப்புவது நாங்கள். மனசு வரவில்லை என்று சொன்ன ஒரு பெண்ணைக் காட்டட்டும். ஒரே ஒரு பெண்ணை." மைக் இல்லை. கடைசி பெஞ்சுக்குக் கேட்டது. பெண்கள் பக்கத்தில் கைதட்டல். வந்த பெரியவர்களில் ஒருத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

வேதமுத்து அவசரமே படவில்லை. "ரெஜிஸ்டர் இருக்குங்களே" என்றார். விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "ஜூலை. எல்சா, இல்லை. ஆகஸ்ட். எல்சா, இல்லை. செப்டம்பர், இல்லை. அக்டோபர், இல்லை. பெண்கள் சங்கக் காரியதரிசிங்க ஐயா. அவங்களுக்கே மனசு வரலை, மத்தவங்களை நான் என்னத்தைச் சொல்ல."

எனக்கு முட்டி வலி என்றேன்.

"அரைமணி நேரம் நின்னு பேசுச்சே, அந்த முட்டியாம்மா?" என்றார்.

சிரித்தார்கள். ஆம்பிளைகள் மட்டும் இல்லை. நான் யூனிஸைப் பார்த்தேன். ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம், எல்சாம்மாவுக்கு முட்டி வலிதான், என்னிடம் சொன்னார்கள் என்று. உண்மையும் அதுதானே, நான் அவளிடம் சொல்லித்தானே இருந்தேன். அவள் அந்த ரெஜிஸ்டரையே பார்த்துக்கொண்டு இருந்தாள். தலை நிமிரவில்லை. இன்றைக்கு வரைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

அப்போது பின்னால் இருந்து சீயோன்மணி எழுந்தாள். "நான் பேர் கொடுத்திருக்கேன் ஐயா, மாசாமாசம். என் பேரையும் வாசிங்க" என்றாள்.

வேதமுத்து, "உன் பேரை யார் கேட்டா? உட்காரு" என்றார். நானும் உட்காரச் சொல்லிக் கை காட்டினேன். இருக்கிற குழப்பம் போதாதா? பெரியவர்கள் முன்னால் பேசுகிற முறை அவளுக்கு என்ன தெரியும்? அவள் உடனே உட்காரவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் உட்கார்ந்தாள். அதில் இருந்து எங்கள் வீட்டுக்குக் காப்பிக்கு வருவதில்லை. கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்கிறாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. முந்திரிக்காட்டுக்குள் ஐந்து கிராமம், ஐந்து சின்னக் கோயில். தண்டனை இல்லையாம், ஊழியத் தேவையாம். அவள் புருஷன் மோட்டாரை எல்லாம் டெம்போவில் ஏற்றினார். நான் வாசலில் நின்றேன். அவள் என் கையைப் பிடித்து, "உடம்பைப் பார்த்துக்குங்க" என்றாள். அவள்தானே என்னைக் கூட்டத்தில் விட்டுக்கொடுத்தாள், நான் என்ன சொல்ல?

புது ஐயர் வந்தார். ஆம்பிளை. கூடவே ஐயரம்மா. நல்ல பெண், எப்போது போனாலும் டீ. சேலை கத்தி முனை மாதிரி இருக்கும். சங்கத்தில் முடிவு ஜெபம் அவள்தான். இந்த ஜூனில் பெண்கள் ஞாயிறுக்கு, "அக்கா, நீங்கதான் வாசிக்கணும், உங்களை விட்டா யாரு" என்றாள். வாசித்தேன். ஒரு எழுத்துத் தப்பவில்லை. பின்னால் ஒருத்தரும் கண்ணைத் துடைக்கவும் இல்லை. ஒரு அம்மா தூங்கிக்கொண்டு இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வேதமுத்து வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கிலோ மைசூர்பாகு. எங்கள் வீட்டுப் படி ஏறாத மனுஷன். என் வீட்டுக்காரரிடம், "உங்க மிஸஸ் பார்க்கத்தான் எதிர்க்கட்சி மாதிரி சார். சமயத்துல நம்ம பக்கம் நின்னவங்க" என்றார். என்னைப் பார்த்து, "நீங்க மட்டும் மாசாமாசம் பேர் கொடுத்திருந்தா அந்த விசாரணை எங்க மேலயே திரும்பியிருக்கும்மா. உங்களாலதான் முடிஞ்சுது. நன்றி" என்றார். கைகூப்பினார். கேலி இல்லை, நிஜமாகவே கும்பிட்டார். கேலியாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கொடுத்து அனுப்பியிருப்பேன்.

அந்த மைசூர்பாகை நான் தொடவில்லை. என் வீட்டுக்காரர் மூன்று நாளில் தீர்த்தார்.

அதற்குத்தான் போகிறேன். அவள் கோயிலில், அவள் ரெஜிஸ்டரில், அவள் கையால் என் பேரை எழுத வைக்கப் போகிறேன். எல்சா, இன்ன சபை, தேதி, எல்லாம். நாளைக்கு அவள் கையால் வாங்கப் போகிறேன். அப்புறம் அந்தப் பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்து, வேதமுத்து முகத்துக்கு நேரே நீட்டப் போகிறேன். அவர் விரலை நாக்கில் தொட்டுப் படிக்கட்டும்.

மணி ஐந்தேகால் ஆகிவிட்டதே. ஆட்டோ கிடைக்கவில்லை என்றால்? இரு, அவளிடமே பேசிவிடுகிறேன். இந்தச் சத்தத்தில் கேட்குமா தெரியவில்லை. மாற்றலாகிப் போன பிறகு நான் அவளிடம் பேசினதே இல்லை.

ஹலோ... யூனிஸம்மாவா? எல்சா பேசுறேன்... ஆமா, அதே எல்சாதான்... நல்லா இருக்கேன். பஸ்ஸுல வந்துட்டிருக்கேன்... உங்க ஊருக்குத்தான்... பேர் கொடுக்க. டயர் பஞ்சராகி லேட்டாயிடுச்சு, ரெஜிஸ்டரை ஒரு கால்மணி நேரம் மூடாம வைங்க... என்னது?... எப்ப இருந்து?... சரி... சரிம்மா... இல்ல, இப்ப... பரவாயில்ல... சரி, வைக்கிறேன்.

ஒன்றுமில்லை. தண்ணி இருக்கிறதா உன்னிடம்? கொடு, ஒரு வாய்.

ரெஜிஸ்டர் இல்லையாம். அங்கே பேர் எழுதுவதே இல்லையாம். அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரமே நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாளாம். என்ன சொல்கிறாள் தெரியுமா? "உங்க பேர் இல்லைன்னு அன்னைக்கு அவர் அத்தனை பேர் முன்னாடி வாசிச்சப்ப, அந்த நோட்டுல இருந்தது என் கையெழுத்து எல்சாம்மா. எனக்கு நிமிர்ந்து உங்க முகத்தைப் பார்க்க முடியலை. இனிமே என் சபையில யாரையும் அப்படி வாசிக்க விடமாட்டேன்னு அப்பவே நினைச்சேன். நீங்க எப்ப வேணும்னாலும் வாங்க, நேரா வாங்க" என்கிறாள்.

ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா? யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதி வைக்காமல் ஒரு சபையை எப்படி நடத்துவது? இதை நானே பிஷப்புக்கு... சரி, விடு. எழுதப் போவதில்லை. சும்மா சொன்னேன்.

இப்போது எதை நான் ஜெராக்ஸ் எடுப்பது? இத்தனை தூரம் வந்து, ஒருத்தருக்கும் காட்ட ஒன்றும் கிடையாது. நானும் அவளும்தான்.

இன்னொன்றும் சொன்னாள். "முட்டி இப்ப எப்படி இருக்கு? இங்கே வயசானவங்களுக்காக முன்னாடி நாலு நாற்காலி போட்டிருக்கேன். உங்களுக்கும் ஒண்ணு போடச் சொல்றேன், உட்கார்ந்தே வாங்கிக்கலாம்" என்றாள். குத்திச் சொன்னாளா, நிஜமாகவே கேட்டாளா? அவள் குரலில் ஒன்றும் தெரியாது. அன்றைக்கு எங்கள் சுவரைப் பார்த்தாளே, அதே மாதிரி.

நாற்காலியில் உட்கார்ந்தால் வம்பில்லை. முட்டிவலிக்காரி வந்தாள், வாங்கினாள், போனாள். முழங்கால் போட்டால் தெரிந்துவிடும். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முழ தூரத்தில் நிற்பாள், நான் அவள் கண் முன்னால் மடங்கி எழுந்திருக்க வேண்டும். அன்றைக்கும் இந்த முட்டிக்கு ஒன்றும் இல்லை, இவள் வீம்புக்கு வராமல் இருந்தாள், அதனால்தான் நாம் இந்தக் காட்டில் கிடக்கிறோம் என்று அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும். நீ என்ன செய்வாய், சொல். சும்மா சிரிக்காதே, கேட்கிறேன் இல்லையா?

இதுதான் ஸ்டாப்பிங் போல, கண்டக்டர் விசில் கொடுக்கிறார். பை சீட்டுக்கு அடியில் இருக்கிறது. வேண்டாம், நீ எடுக்க வேண்டாம், நானே குனிகிறேன். எனக்கு ஒரு வலியும் கிடையாது.

நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஏன் என்று அவள் கேட்டால் அதையும் சொல்லிவிடுவேன். ஆனால் அவள் எதையும் ஒரு தரத்துக்கு மேல் கேட்கிறவள் இல்லை, முட்டியைப் பற்றித் தொலைபேசியிலேயே கேட்டு முடித்துவிட்டாள். நானாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும். நகரும்மா, இறங்க வேண்டும்.